நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப் வாங்க டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறோம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டுக்குப் பின்னால் 26 அடி நீளம், 13 அடி அகலம், 4 அடி ஆழத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமனார் தினமும் காலையில் அரை மணி நேரம் அதில் நடக்கிறார். பனிக்காலத்தில் 9 கிலோவாட் எலக்ட்ரிக் ஹீட்டர் போட்டு, தண்ணீரை 31 டிகிரியில் வைக்கிறோம். வழக்கமாக 5,000 ரூபாய்க்குள் வரும் இரண்டு மாத கரண்ட் பில், போன மார்கழி, தையில் 49,000 வந்துவிட்டது. காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட் பம்ப் மிஷின் போட்டால் சூடாக்கும் செலவு கால் பங்காகிவிடும் என்கிறார்கள். விலை 2,60,000 ரூபாய். டெபாசிட்டை உடைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். முதலில் குளத்தை மூடுங்கள்.

அடுப்பில் வெந்நீர் அண்டாவைத் தட்டுப் போட்டு மூடாமல் யாராவது விறகைத் தள்ளிக்கொண்டே இருப்பார்களா? உங்கள் வீட்டில் நடப்பது அதுதான். திறந்த குளத்தில் பெரும்பகுதிச் சூடு ஆவியாகத்தான் போகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் குளத்தின் பரப்புக்கு, நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 31 லிட்டர் போய்விட்டது, அதாவது 21 யூனிட். ராத்திரி வாடைக்காற்று அடித்து இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் 42 யூனிட்டைக் காற்றில் விட்டாயிற்று. குளத்துத் தண்ணீர் முழுவதையும் ஒரு டிகிரி சூடேற்றவே சுமார் 45 யூனிட்தான் ஆகும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது பில்லுக்கு வருவோம். 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 1,000 யூனிட்டைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய் 80 காசு. வீட்டு விளக்கும் ஃபிரிட்ஜும் கீழ்ப் படிகளில் உட்கார்ந்துவிடுகின்றன. குளம் இழுப்பது ஏறக்குறைய எல்லாமே மேல் படியில் விழுகிறது. கூடுதலாக வந்த 44,000 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் நாளுக்கு 62 யூனிட், அதாவது ஹீட்டர் தினமும் ஏழு மணி நேரம் ஓடியிருக்கிறது. பனிக்காலம் மூன்று மாதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 66,000 ரூபாய்.

விற்பனைக்கு வந்தவர் இந்த 66,000 ரூபாயை வைத்துத்தான் கணக்குச் சொல்லியிருப்பார். கால் பங்கு என்றால் 16,500. மிச்சம் 49,500. ஐந்தே கால் வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நம்முடைய வெதுவெதுப்பான காற்றில் ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டுக்கு நான்கு யூனிட் சூடு தரும். ஆனால் குளத்தை மூடிய பிறகு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

குமிழி வைத்த நீலப் பிளாஸ்டிக் போர்வை, இழுத்துச் சுருட்ட ஒரு உருளை. இரண்டுக்கும் சேர்த்து 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் விலை கேட்டுக்கொள்ளுங்கள். குளத்தை மூடி வைத்தால் சூடாக்கும் செலவு பாதிக்கு மேலேயே குறையும். நான் பாதி என்றே எடுத்துக்கொள்கிறேன். 66,000 இப்போது 33,000 ஆகிவிட்டது, போர்வைக்குக் கொடுத்த காசு ஏறக்குறைய ஒரே பனிக்காலத்தில் வந்துவிட்டது. அப்புறம், மாமாவுக்கு 29 டிகிரி போதுமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். போதும் என்றால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு போய், 22,000 ரூபாயில் நிற்கும்.

இந்த 22,000 ரூபாயில் ஹீட் பம்ப் மிச்சம் பிடித்துத் தருவது 16,500. போட்ட பணம் எடுக்கப் பதினாறு வருடம் ஆகும். மிஷினே அவ்வளவு காலம் உழைத்தால் பெரிய விஷயம். 2,60,000 ரூபாய் 6.5 சதவீத வட்டியில் டெபாசிட்டில் கிடந்தாலே ஆண்டுக்கு 16,900 தரும், முதலும் கையில் இருக்கும். நகையை 9 சதவீதத்துக்கு அடகு வைத்தால் வட்டி மட்டும் 23,400. மிச்சம் பிடிப்பதைவிட அதிகமாக வட்டி கட்ட நகையை ஏன் அனுப்ப வேண்டும்? கணவர் அங்கே சம்பாதித்துச் சேர்த்த பணம் இது. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

காசே ஆகாத வேலைகளும் சில உண்டு. குளத்தில் தண்ணீர் கொட்டும் அலங்காரக் குழாய் இருந்தால் பனிக்காலத்தில் அதை மூடிவிடுங்கள், தெறிக்கிற தண்ணீர்தான் சீக்கிரம் ஆறும். வடக்குப் பக்கம் இரண்டு கீற்றுத் தட்டி கட்டினால் வாடை நேராகத் தண்ணீர் மேல் படாது. குறைகிற தண்ணீரை மாடித் தொட்டியிலிருந்து விடாமல், காலையில் நேராக போரிலிருந்து விடுங்கள். மார்கழியிலும் போர்த் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே வருகிறது.

இன்னொரு சோதனை அவசியம். நம் ஊர்க் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும், குளத்துச் சுவரில் விரிசல் விட்டிருக்கலாம். மழை இல்லாத ஒரு நாளில் பிளாஸ்டிக் வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி முதல் படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவிதான். வெளியே அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. அப்படியானால் போர்வைக்கும் முன்னால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

கூரையில் சோலார் பேனல் போட நினைத்தால், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதை வீட்டுத் தேவையை வைத்து முடிவு செய்யுங்கள். கார்த்திகை மழை மேகத்தில் பேனல் குறைவாகத்தான் தரும், குளத்துக்குச் சூடு தேவைப்படுவதும் அப்போதுதான்.

மருத்துவர் 32 டிகிரிக்குக் குறையவே கூடாது என்று சொல்லிவிட்டால் கணக்கு மாறும். அப்போதும் போர்வையோடு ஒரு பனிக்காலம் ஓட்டி, மீட்டர் ரீடிங்கைத் தினமும் குறித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், அந்த எண்களை வைத்துப் பார்ப்போம்.

கடைசியாக, போர்வை விரித்த குளம் பிள்ளைகளுக்குத் தரைபோலத் தெரியும். ஆனால் கால் வைத்தால் அது தாங்காது. மாமா இறங்கும்போது பாதி சுருட்டி விடாமல் முழுவதும் சுருட்டி எடுங்கள். மற்ற நேரத்தில் கொல்லைப்புறக் கதவு பூட்டியே இருக்கட்டும்.