டாக்டரம்மா பதில்கள்: வெறும் வயிற்றில் எலுமிச்சை வெந்நீர்

கேள்வி: வணக்கமுங்க டாக்டரம்மா. எனக்கு 52 வயது. தோட்டத்தில் குடியிருக்கிறோம். ஏழெட்டு மாதமாக, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு வெந்நீரில் ஒரு முழு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஒரு பெரிய கரண்டி தேன் விட்டுக் குடிக்கிறேன். கொழுப்பு கரையும், ரத்தம் சுத்தமாகும் என்று மகளிர் குழுவில் சொன்னார்கள். ஒன்றரைக் கிலோ குறைந்தது, அப்புறம் எடை அப்படியே நிற்கிறது. இப்போது மோர் குடித்தாலே பல் கூசுகிறது. மருமகள் நிறுத்தச் சொல்கிறாள். தைராய்டு மாத்திரையும், ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். நிறுத்தட்டுங்களா, தொடரட்டுங்களா?
- வாசகி, காங்கேயம்

பதில்: அம்மா, வெந்நீர் இருக்கட்டும். எலுமிச்சையை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்ததை எங்கே சேர்ப்பது என்று பின்னால் சொல்கிறேன், முதலில் பல்லைப் பார்ப்போம்.

புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும். வாயில் அந்த அளவு 5.5-க்குக் கீழே இறங்கினாலே பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கிவிடும். தண்ணீரில் கலந்தாலும் பிஎச் அந்த எல்லையைத் தாண்டி மேலே வருவதில்லை. சூடும் சேர்ந்தால் கரைவது இன்னும் வேகமாகும். நகம் வளர்வதுபோல எனாமல் மறுபடி வளராது. அதனால் உங்கள் பல் கூச்சத்துக்கு இந்தச் சொம்புதான் காரணம் என்று நான் சந்தேகப்படுகிறேன். குடித்த கையோடு பல் விளக்குகிற வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். புளிப்பில் இளகி நிற்கும் எனாமலை பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். எதைப் புளிப்பாகச் சாப்பிட்டாலும் வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்துத்தான் பல் விளக்க வேண்டும். பல் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கொழுப்பு கரைவது பற்றி. எலுமிச்சைக்கும் வெந்நீருக்கும் அந்தச் சக்தி கிடையாது. பிறகு ஒன்றரைக் கிலோ எப்படிக் குறைந்தது? இதே கேள்வியோடு என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம், இதற்கு முன் காலையில் என்ன குடித்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் சர்க்கரை போட்ட காபி, கூடவே இரண்டு வர்க்கி என்பார்கள். அதை விட்டதில்தான் எடை இறங்கியிருக்கும். உங்கள் சொம்பிலோ தேன் இருக்கிறது. ஒரு பெரிய கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் உண்டு. அது மூன்று டீஸ்பூன் சர்க்கரைக்குக் குறையாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தேன் நல்லது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. காலையில் வெதுவெதுப்பாக ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் மலம் இளகிப் போகும், அது நல்லதுதான். அதற்கு எலுமிச்சை தேவையில்லை.

மாத்திரை விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். எழுந்ததும் முதல் வேலையாகத் தைராய்டு மாத்திரை. வெறும் தண்ணீரில் மட்டும்தான் விழுங்க வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குக் காபி, தேன், எலுமிச்சை எதுவும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கவே கூடாது. நடுவில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டையும் ஒரே கையில் வைத்துக் காலையில் விழுங்கிவிட்டு, "தைராய்டு இறங்கவே மாட்டேங்குதுங்க" என்று வருத்தப்படுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

சரி, எலுமிச்சைக்கு வருவோம். நீங்கள் ரத்தம் குறைவு என்று எழுதியதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தோட்டத்துக் கீரை, ராகி, கம்பு, கொள்ளு என்று இரும்பு உள்ள சாப்பாடாகத்தானே நம் ஊரில் சாப்பிடுகிறோம், அப்புறம் ஏன் என்று கேட்பீர்கள். கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைக் குடல் சுலபத்தில் உறிஞ்சாது. வைட்டமின் சி கூட இருந்தால் அந்த இரும்பு உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறும். இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். காலை ஐந்தரைக்குக் குடித்த எலுமிச்சை, மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடும் கீரைக்கு எப்படி உதவும்?

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில், கோபி பக்கத்தில், மாட்டுக் கட்டுத்தறிக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை மரம் நின்றது. அந்த வீட்டில் யாரும் காலையில் சாறு பிழிந்து குடித்ததில்லை. பழம் போனதெல்லாம் சாப்பாட்டுக்குத்தான். சந்தகை (இடியாப்பம்) பிழிந்த அன்று தாளித்ததில் பாதிப் பழம். கீரை கடைந்து சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகு கொஞ்சம். "அடுப்புல இருக்கறப்பவே புளிஞ்சா கசந்து போயிரும் கண்ணு" என்பார். சூட்டில் வைட்டமின் சி அழிந்துபோகும் என்பதை நான் மருத்துவக் கல்லூரியில்தான் படித்தேன். அமுச்சிக்கு அது தெரியாது, ஆனால் கை சரியாகத்தான் செய்தது.

அதனால் நாளையிலிருந்து கீரை கடைசலிலும் கொள்ளுப் பருப்பிலும் அடுப்பை அணைத்த பின் பிழிந்து விடுங்கள். சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், டீ இரும்பைத் தடுக்கும். இன்னொன்று, பெண்களுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு எலுமிச்சம்பழத்தில் 20 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். 100 கிராம் கொய்யாவில் 200-க்கு மேல் இருக்கிறது. தோட்டத்தில் கொய்யாவோ நெல்லியோ இருந்தால் எலுமிச்சைக்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

மருமகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் உங்கள் டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறேன், வயது 34. போன மாதம் சிறுநீரகத்தில் சின்னக் கல் என்றார்கள். எலுமிச்சை கரைக்குமாங்க?
- வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, இருக்கிற கல்லை எலுமிச்சை கரைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாகக் கல் சேராமல் தடுக்க உதவும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட் என்ற பொருள் சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்துகொண்டு, அது கல்லாக உறைவதைக் குறைக்கும். கல் பெரும்பாலும் கால்சியத்தால் ஆனதுதான், ஆனாலும் உங்களுடையது எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாற்றைப் பச்சைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து, சாப்பாட்டோடு குடியுங்கள். உப்புப் போடாதீர்கள், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

இதைவிடப் பெரிய மருந்து வெறும் தண்ணீர்தான். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்கள், எழுந்து போனால் பீஸ் குறையும் என்று ஷிப்ட் முழுக்கத் தண்ணீரைத் தள்ளிப்போடுவது எனக்குத் தெரியும். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை மெஷினுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்று காலியாக வேண்டும், வீட்டுக்குப் போவதற்குள் இன்னொன்று. இடுப்பு வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். ஷிப்டை விட்டுவிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.