கழற்றுவதற்கு முன் அளந்து வையுங்கள்: லொறிக் காப்புறுதி, கேள்வி பதில்

கொழும்பிலும் அதனைச் சுற்றியும் லொறி வைத்திருப்பவர்களும் கராஜ் நடத்துபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, இருபத்தாறு ஆண்டுகள் மோட்டார் இழப்பு மதிப்பீட்டாளராக வேலை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கார், முச்சக்கரவண்டி பற்றி வந்தவற்றைத் தவிர்த்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை: எனது டிப்பரை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தேன். மதிலில் மோதிய சேதத்தைத் திருத்த 10 இலட்சம் ஆகிறது. கம்பனி 6 இலட்சம்தான் தருமாம். இது ஏமாற்று அல்லவா?

ஏமாற்று என்று சொல்வதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துச் "சராசரி" என்ற வாசகம் உள்ளதா என்று பாருங்கள். விபத்து நடந்த நாளில் உங்கள் டிப்பரின் சந்தைப் பெறுமதி 100 இலட்சமாக இருந்து, நீங்கள் 60 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருந்தால், மீதி நாற்பது வீதத்துக்கு நீங்களே காப்புறுதியாளர் என்று அந்த வாசகம் கொள்கிறது. ஆகவே 10 இலட்ச இழப்பில் 6 இலட்சம் கம்பனியுடையது, 4 இலட்சம் உங்களுடையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் ரூபாயும் விழுந்தபோது, ஓடித் தேய்ந்த லொறிகளின் விலைகூட மளமளவென்று ஏறியது. ஆனால் கட்டுப்பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பழைய தொகையிலேயே ஆண்டுதோறும் புதுப்பித்தவர்கள் பலர், விபத்து நடக்கும்வரை இதை உணரவில்லை.

நீங்கள் வாதாட வேண்டிய இடம் வேறு. 100 இலட்சம் என்ற பெறுமதியை யார், எதை வைத்துக் கணித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதே ஆண்டு, அதே மாடல், அதே நிலையிலுள்ள டிப்பர் 80 இலட்சத்துக்கு விற்கப்பட்டதை உங்களால் காட்ட முடிந்தால், கிடைக்க வேண்டியது 7.5 இலட்சமாகிறது. கம்பனி எழுத்தில் மறுத்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். தொலைபேசியில் சண்டை பிடித்ததற்குச் சான்று எதுவும் இருக்காது.

வத்தளை: மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளது. என் லொறியின் சேதத்துக்குப் பணம் கிடைக்குமா?

அந்தக் காப்புறுதியிலிருந்து கிடைக்காது.

ஒருகொடவத்தை: வீதியிலேயே கம்பனி ஆள் வந்து படம் எடுத்து, பம்பருக்கும் முன்விளக்குக்கும் ஒரு தொகை சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். போட்டுவிட்டேன். இப்போது முன் அச்சே பின்னால் தள்ளுப்பட்டிருப்பதாக கராஜில் சொல்கிறார்கள்.

வீதியோரத் தீர்வு என்பது கார்க் கண்ணாடிக்குப் பொருந்தும். கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவருக்குப் பொருந்தாது. பம்பர் வாங்கிய அடி அதன் தாங்கிகள் வழியாகச் சேசிஸ் எனும் அடிச்சட்டத்துக்கும், ஸ்பிரிங் தாங்கிகளுக்கும், ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் போகும். அவற்றில் எதுவும் வீதியில் குனிந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. நீங்கள் கையெழுத்திட்டது சேத அறிக்கையிலா, முழுமையான இறுதித் தீர்வை ஏற்கும் பத்திரத்திலா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. முன்னையதாயின், இன்றே வேலையை நிறுத்தி, மேலதிகப் பரிசோதனை வேண்டும் என்று கடிதம் கொடுங்கள். கழற்றிய எந்தப் பாகத்தையும் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். ஆணி கூட இருக்கட்டும். பின்னையதாயின் நிலைமை கடினம், ஆனாலும் மறைந்திருந்த சேதம் என்று எழுதிக் கேட்பதில் இழப்பதற்கு எதுவுமில்லை.

பேலியகொடை: முப்பத்தைந்து வருடமாக லொறி கராஜ் வைத்திருக்கிறேன். வளைந்த சேசிஸைக் காஸ் சுவாலையால் சிவக்கச் சூடாக்கித்தான் நிமிர்த்துகிறோம். ஒரு மதிப்பீட்டாளர் அதற்குப் பணம் தர முடியாது என்றார். அவருக்கு வேலை தெரியுமா?

தெரியும் என்றே நினைக்கிறேன். பழைய லொறிகளின் மென்னுருக்குச் சட்டத்தில் உங்கள் கைவேலை பலித்திருக்கலாம். ஆனால் இன்று ஓடும் கனரக வாகனங்கள் பலவற்றின் சட்டம் உயர்வலு உருக்கு. சில வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டவை. அதைச் சிவக்கச் சூடாக்கினால், தொழிற்சாலையில் ஏற்றிய வலு அந்த இடத்தில் மட்டும் இறங்கிவிடும். சட்டம் நேராகத் தெரியும், ஆனால் ஒரு முழம் நீளத்துக்கு மென்மையான துண்டு ஒன்று நடுவில் இருக்கும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கொள்கலன் லொறி திருத்தி ஓடி ஆறு மாதத்தில் மீண்டும் வந்தது. கெபினுக்குப் பின்னால் பெயின்டைச் சுரண்டியபோது, சட்டத்தின் கீழ் விளிம்பில் நீலமும் ஊதாவுமாகச் சூட்டின் தடம் தெரிந்தது. அந்தத் தடம் முடிகிற இடத்திலிருந்துதான் விரிசல் தொடங்கி, மயிரிழை போல மேலே ஏறியிருந்தது. அது பழைய விபத்தின் சேதமா, புதிய சேதமா என்று கம்பனியும் கராஜும் வாதிட்டுக்கொண்டிருக்க, உரிமையாளர் லீசிங் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

வெல்லம்பிட்டி: வெள்ளம் லொறிச் சில்லின் மையக்குடம் வரை வந்து வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது, நீரால் வந்ததைவிடச் சாவியைத் திருப்பியதால் வந்த சேதம் பெரிதாக இருந்த எஞ்சின்களைக் கண்டேன். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையும். முதலில் பட்டரியைக் கழற்றி, நீர் ஏறிய மட்டத்தை லொறியோடு சேர்த்துப் படம் எடுங்கள். எஞ்சின், கியர்பொக்ஸ், டிஃபரன்ஷல் (பின் அச்சில் சில்லுகளைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி) எண்ணெய்களைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமாக இருந்தால் நீர் புகுந்துள்ளது. ஓடிச் சூடான டிஃபரன்ஷல் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால், காற்றுத்துளை வழியாக நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், எஞ்சின் நனையாத லொறியிலும் இதைப் பார்க்க வேண்டும். வெள்ளத்துக்கான இயற்கை அனர்த்த மேலதிகக் காப்பை நீங்கள் கேட்டு வாங்கியிருந்தீர்களா என்பதையும் பாருங்கள்.

கடுவெல: வெள்ளத்தில் நின்ற லொறியை ஸ்டார்ட் செய்தோம், ஒரு சத்தத்துடன் நின்றுவிட்டது. கிளெயிம் கிடைக்குமா?

மேலே எழுதியதை இரண்டு நாள் முன்பே எழுதியிருக்க வேண்டும் போலிருக்கிறது. நீரால் வந்த சேதத்துக்குக் கேளுங்கள். எஞ்சின் உடைந்தது உங்கள் கவனக்குறைவு என்று மறுப்பார்கள்.

கொலன்னாவ: வெள்ளத்தில் நின்ற பௌசரை ஸ்டார்ட் செய்யலாமா?

வெல்லம்பிட்டிக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

மட்டக்குளி: பழுதான லொறியைக் கட்டி இழுத்துச் சென்றோம். இப்போது கியர்பொக்ஸ் சத்தமிடுகிறது.

கியர்பொக்ஸைப் பின் அச்சோடு இணைக்கும் புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றாமல் இழுத்திருப்பீர்கள். எஞ்சின் நிற்கும்போது கியர்பொக்ஸின் உள்ளே எண்ணெயை வாரியிறைக்கும் பற்சக்கரங்கள் சுழலாது. பின்சில்லுகள் சுழற்றும் தண்டு மட்டும் எண்ணெயின்றி ஓடும். விபத்துச் சேதமாக இதை ஏற்கமாட்டார்கள்.

ஆமர் வீதி: லொறியில் இருந்த சீனி மூட்டைகள் நனைந்தன. அதற்கும் சேர்த்துக் கேட்கலாமா?

மோட்டார் காப்புறுதி லொறிக்கு. சரக்குக்குத் தனியாகப் போக்குவரத்துப் பொருட் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

மருதானை: பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பான் ஹாஃப் கட் கெபின் (பாவித்த லொறியிலிருந்து வெட்டி எடுத்தது) வாங்கிப் போடலாமா?

கம்பனி எழுத்தில் சம்மதித்தால் தாராளமாகப் போடலாம். உள்ளே கைப்பிடிகள், வயர்கள் யாவும் பொருந்திவரும் நல்ல வழி அது. வாங்கும்போது கெபின் தாங்கிகளின் கீழே டோர்ச் அடித்துப் பழைய வெல்டிங் தடம் உண்டா என்று பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.

பேலியகொடை மீண்டும்: நீங்கள் சொல்வது புத்தகக் கதை. நான் நிமிர்த்திய லொறிகள் பதுளை மலை ஏறுகின்றன. குளிர்ந்த நிலையில் ஜெக் வைத்து அமுக்கினால் மட்டும் விரிசல் வராதா?

வரலாம். அதனால்தான் ஹைட்ரோலிக் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, விளிம்புகளில் விரிசல் உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். அளவுக்கு மீறி மடிந்த சட்டத்தை நிமிர்த்தாமல் மாற்றுகிறார்கள். மலை ஏறும் லொறிகளை நீங்கள் பார்க்கிறீர்கள். விரிசலோடு திரும்புபவை உங்களிடம் வராமல் வேறு கராஜுக்குப் போகும். நேராகிவிட்டது என்று நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கண்ணாலா, நூலாலா?

கிராண்ட்பாஸ்: பேலியகொடை அண்ணை சொல்வது சரி. எங்கள் அப்பாவும் சூடாக்கித்தான் நிமிர்த்துவார்.

உங்கள் அப்பா நிமிர்த்திய சேசிஸ் எந்த ஆண்டுடையது என்று கேட்டு எழுதுங்கள், பிறகு பேசலாம்.

பேலியகொடை மூன்றாம் முறை: நூல் பிடித்துப் பார்த்தேன். மூலைக்கு மூலை எடுத்த இரண்டு குறுக்கு அளவுகளுக்கும் 11 மில்லிமீற்றர் வித்தியாசம் வருகிறது. எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும்?

அளந்ததற்கு நன்றி. லொறியைச் சமதரையில் நிறுத்தி, இருபக்கமும் ஒரே மாதிரியான ஸ்பிரிங் தாங்கி ஆணிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடங்களை சீமெந்துத் தரையில் சோக்கால் குறியுங்கள். பிறகு லொறியை நகர்த்திவிட்டு, தரையில் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். சட்டத்தின் கீழே நூல் பிடித்தால் குறுக்குச் சட்டங்கள் தடுக்கும். அப்போதும் 11 வந்தால், ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிட முன்னால் தள்ளுப்பட்டிருக்கிறது. எவ்வளவு வரை ஏற்கலாம் என்பது அந்த மாடலின் திருத்தக் கையேட்டில் இருக்கும். அளந்த தாளில் திகதியிட்டு, மதிப்பீட்டாளரை வரச்சொல்லுங்கள். அவர் வரும்வரை காஸ் சிலிண்டரைத் திறக்க வேண்டாம்.