ஊரடங்கும் ஷிப்ட் ஆட்களும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கொரோனாவின் ஒமைக்ரான் வகை பலருக்குச் சளி, காய்ச்சலோடு போய்விட்டது. அப்புறம் ஏன் 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கும் ஞாயிறு முழு ஊரடங்கும் போட்டார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நோயின் கடுமையை மட்டும் பார்த்தால் இந்தச் சந்தேகம் வரும். விடுப்புக் கணக்கையும் பாருங்கள். நர்ஸுக்குக் காய்ச்சல் 2 நாளில் விட்டாலும், அன்றைய விதிப்படி குறைந்தது 7 நாள் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு வார்டில் 12 நர்ஸ்கள், அதில் 6 பேருக்குத் தொற்று என்று வையுங்கள். அது ஒரு மாதத்தில் பரவலாக வந்தால், எந்த நாளிலும் சராசரியாக ஒன்றிரண்டு பேர்தான் இருக்கமாட்டார்கள், சமாளிக்கலாம். ஆறு பேரும் ஒரே வாரத்தில் படுத்தால் பாதி வார்டுக்கு ஆளில்லை. மிச்சமிருப்பவர்கள் இரட்டை ஷிப்ட் பார்த்துக் களைத்துப்போவார்கள். ஊருக்குள் கூட்டத்தைக் குறைத்தால் தொற்று மெதுவாகப் பரவும், ஆட்கள் ஒரேயடியாகப் படுப்பதும் குறையும். நியூயார்க்கில் 2021 டிசம்பர் கடைசியில் சுரங்க ரயிலின் பி, டபிள்யூ, இசட் தடங்களை நிறுத்தினார்கள். ரயிலும் தண்டவாளமும் நன்றாகவே இருந்தன. ஓட்டத்தான் ஆள் போதவில்லை.

கேள்வி: எங்கள் துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர்களைத் தனித்தனி அணியாகப் பிரித்தும், இரண்டு அணி சேர்ந்தே படுத்தது. எங்கே தவறு?
– வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் ஷிப்ட் மாறும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். போகிறவரும் வருகிறவரும் ஒரே மேசையில் குனிந்து லாக் புக்கைப் பார்ப்பார்கள், கூடவே ஒரு டீ. முந்தைய அணி எழுதி வைத்துவிட்டு வெளியேறட்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, கொஞ்சம் கழித்து அடுத்த அணி வரட்டும். சந்தேகத்தைப் போனில் கேட்கட்டும். லீவுக்கு மாற்றாக வரும் ரிலீவரையும் கவனியுங்கள். எல்லா அணியிலும் மாறி மாறி வேலை பார்ப்பவர் அவர் ஒருவரே. அவரையும் ஒரே அணியோடு நிறுத்துங்கள். ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தாலும் அணி பிரித்தது வீண். பயிற்சி பெற்ற ஆபரேட்டருக்கு ஒரே வாரத்தில் மாற்று ஆள் கிடைக்கமாட்டார் என்பதால்தான், 2020 மார்ச்சில் நியூயார்க் மாநில மின்கட்டுப்பாட்டு மையத்தின் 37 ஆபரேட்டர்கள் வேலையிடத்திலேயே தங்கினார்கள்.

கேள்வி: தனிமை நாட்களை இடையில் குறைத்தது சரியா?
– வாசகர், மதுரை

பதில்: பரிசோதனையோடு குறைத்தால் சரி. இங்கிலாந்து 2021 டிசம்பரில் 10 நாளை 7 ஆக்கியபோது, 6, 7-ஆம் நாட்களில் இரண்டு சோதனையிலும் தொற்று இல்லை என்று வர வேண்டும் என்றது. சோதனையே இல்லாமல் சீக்கிரம் கூப்பிட்டால், வருகிறவரோடு தொற்றும் ஷிப்டுக்குத் திரும்பலாம்.