வில்னியஸ் ஆஃபர்: 3,000 யூரோவில் கைக்கு எவ்வளவு?

லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் ஒரு பகிர்வுச் சேவை மைய (ஒரு நிறுவனத்தின் பல கிளைகளுக்கான கணக்கு, எச்ஆர் போன்ற வேலைகளை ஒரே இடத்தில் செய்யும் அலுவலகம்) வேலைக்கு மாதம் 3,000 யூரோ ஆஃபர், கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டீர்கள். அந்த 3,000 யூரோ என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. அதில் வருமான வரி 20%, சமூகக் காப்பீடு 19.5% போகும். இந்தச் சம்பளத்துக்கு வரிவிலக்குத் தொகை கிடைக்காது. ஆகவே கைக்கு 1,815. ஓய்வூதிய நிதியில் சேர்ந்தால் இன்னொரு 3% கழியும், 1,725 மிஞ்சும். மருத்துவக் காப்பீடு அந்த 19.5%க்குள்ளேயே அடக்கம்.

இணையத்தில் 2019க்கு முந்தைய சம்பளப் பட்டியல்களை வைத்து ஒப்பிடாதீர்கள். அந்த ஆண்டு சமூகக் காப்பீட்டில் முதலாளியின் பங்கில் பெரும்பகுதியைத் தொழிலாளி பக்கம் மாற்றி, சம்பளத்தை 1.289ஆல் பெருக்கினார்கள். பழைய எண்கள் அதனால்தான் சிறிதாகத் தெரிகின்றன.

ஷிஃப்ட் பற்றி: இரவு 10 முதல் காலை 6 வரையிலான வேலைக்கு 1.5 மடங்கு சம்பளம், பொது விடுமுறை நாளில் 2 மடங்கு. இது சட்டம், சலுகையல்ல. "எல்லாம் சேர்த்துத்தான் 3,000" என்று எச்ஆர் சொன்னால், அடிப்படைச் சம்பளத்தைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

தகுதிகாண் காலம் அதிகபட்சம் 3 மாதம். அதற்குள் விலக 3 வேலை நாள் நோட்டீஸ் போதும், பிறகு 20 நாட்காட்டி நாள். ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது, வேலையை விட்ட பின் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால், அந்தத் தடைக் காலம் முழுக்க உங்கள் சராசரிச் சம்பளத்தில் 40%க்குக் குறையாமல் அவர்கள் தர வேண்டும்.