அந்த ஒரு பெனால்டிக்கு அப்பால் சாகி குமகாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2011 மகளிர் உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் காணொளியைப் பார்த்தேன். அமெரிக்காவுக்கு எதிராக ஜப்பானின் வெற்றிப் பெனால்டியை அடித்தவர் சாகி குமகாய், 20 வயதுத் தடுப்பாட்டக்காரர். அவரைப் பற்றித் தேடினால் எங்கும் அந்த உதைதான் வருகிறது. கோலைத் தடுப்பதே வேலையாகக் கொண்டவரை ஒரு கோலை வைத்து மட்டும் நினைவுகூர்வது நியாயமா?

ம.

அன்புள்ள ம.,

நியாயமில்லை. அன்றைக்கே பாருங்கள், கூடுதல் நேரத்தோடு 120 நிமிடம் ஆடி, வாம்பாக், மார்கன் போன்ற அமெரிக்க முன்கள வீராங்கனைகளை எதிர்கொண்ட பிறகுதான் அவர் பெனால்டி அடிக்க வந்தார். பக்கத்தில் நின்று ஆடிய இவாஷிமிசு கடைசி நேரத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். அந்தக் களைப்போடு அடித்த உதை அது.

அந்த இறுதிப்போட்டி நடந்த ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் கிளப்பிலேயே பிறகு சேர்ந்தார். 2013இல் பிரான்சின் லியோனுக்குப் போனார். அவருடைய ஆட்டவாழ்வின் மையம் அதுதான் என்பேன். எட்டு சீசன்கள், 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள். ஹெகர்பெர்க்கும் லெ சொமேரும் கோல் அடித்துப் பேர் வாங்கிய அணியில், குமகாய் தேவைக்கேற்பப் பின்களத்திலும் அதற்குச் சற்று முன்னால் நடுக்களத்திலும் ஆடினார். எதிரணியின் பாஸ் எங்கே போகும் என்று முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பது அவர் வேலை. அதைச் சரியாகச் செய்தால் ஆபத்தே உருவாகாது. ஹைலைட்ஸில் காட்டவும் ஒன்றும் இருக்காது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. 2016 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ஜெர்மன் கிளப்பான வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக வெற்றிப் பெனால்டியை அடித்தவரும் அவரே என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை.

தடுப்பாட்டக்காரரின் பிழையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். 2019 உலகக் கோப்பையில் நெதர்லாந்துடன் 1-1 என்று இருந்தபோது, கடைசி நிமிடங்களில் நெதர்லாந்தின் மீடமா அடித்த பந்து குமகாயின் கையில் பட்டது. பெனால்டி, கோல், ஜப்பான் வெளியே. அப்போது அவர்தான் கேப்டன். அதே ஆண்டில் ஆசியாவின் சிறந்த வீராங்கனையாகவும் தேர்வானார். நான்கு ஆண்டுகள் கழித்து அடுத்த உலகக் கோப்பைக்கும் அவரே அணியை அழைத்துப் போனார்.

அதில் ஸ்பெயினுடன் நடந்த ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். பந்து பெரும்பாலும் ஸ்பெயினின் கால்களில்தான். ஆனால் ஜப்பான் 4-0 என்று வென்றது. அந்த ஸ்பெயின்தான் பிறகு கோப்பையை வாங்கியது. மூவர் பின்களத்தின் நடுவில் 4ஆம் எண் குமகாய். முதல் பாதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.