தென்னாப்பிரிக்காவில் 'இந்தியர்' என்றால் யார்?

கேள்வி: கோவையில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். அரிய திறனாளர் விசாவில் ஜோகன்னஸ்பர்க் போகப் போகிறேன். அங்கே வேலையில் இந்தியர்களுக்கும் முன்னுரிமை உண்டாமே, எனக்குக் கிடைக்குமா? பிற்பாடு அந்நாட்டுக் குடியுரிமை வாங்கினால்?

பதில்: கிடைக்காது. குடியுரிமை வாங்கினாலும் கிடைக்காது.

1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் 'கறுப்பினத்தவர்' என்றே சொல்கிறது. ஆனால் அவர்கள் பிறப்பாலோ வம்சாவளியாலோ அந்நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும். விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர் என்றால், 1994 ஏப்ரல் 27-க்கு முன்பே பெற்றிருக்க வேண்டும். நிறவெறிச் சட்டங்களால் அப்போது பெற முடியாமல் போனவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்தத் தேதியில்தான் எல்லா இனத்தவரும் முதன்முறையாக வாக்களித்தார்கள். 1860-இல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளையும், பின்னாளில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வீடுவாசலோடு பெயர்த்தெறியப்பட்ட இந்தியக் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். அப்படி இழந்தவர்களுக்கான ஈடு இது. நேற்று விமானத்தில் வந்திறங்கிய நாம் அதில் பங்கு கேட்பது முறையல்ல என்பதுதான் என் கருத்தும்.

உங்கள் மனைவி வேலைக்குப் போனாலும் இதே கதைதான். பெண்களுக்கான முன்னுரிமைக்கும் 2014 முதல் அதே குடியுரிமை நிபந்தனை உண்டு.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஆண்டுதோறும் இனவாரிக் கணக்கு கொடுக்க வேண்டும். அதில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டம். உங்களைச் சேர்ப்பதால் நிறுவனத்தின் இலக்கு நிறைவேறாது. பதவி உயர்விலும் இது குறுக்கே வரலாம். நேர்முகத் தேர்விலேயே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

அதற்காக உங்களை எப்படியும் நடத்தலாம் என்று அர்த்தமில்லை. இனம், மொழி, மதம் பார்த்து அநியாயமாகப் பாகுபடுத்தக் கூடாது என்ற அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு எல்லா ஊழியருக்கும் பொருந்தும். அப்படி நடந்தால் ஆறு மாதத்துக்குள் சமரச ஆணையத்தில் முறையிடுங்கள். தாமதித்தால் காலக்கெடு போய்விடும்.

உங்கள் பிள்ளைக்கு நிலைமை வேறு. நீங்கள் இருவரும் நிரந்தர வசிப்புரிமை பெற்ற பின் அங்கே பிறந்து, பிறப்பும் பதிவாகி, வயது வரும் வரை அங்கேயே வளர்ந்தால், அந்தப் பிள்ளை பிறப்பால் குடிமகன் என்ற தகுதியைப் பெறலாம். ஆகவே வசிப்புரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இந்த முன்னுரிமையை நம்பி உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுவிடவும் வேண்டாம்.