இணைய ஏலம்: எப்போது முடிய வேண்டும், எந்த விலையில் தொடங்க வேண்டும்?

பழைய கேமராவை ஈபேயில் ஏலம் விட எந்த நேரம், என்ன விலை சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஏலம் முடியும் நேரம்தான் முக்கியம். பலர் கடைசி நொடிகளில்தான் ஏலம் கேட்பார்கள். 7 நாள் ஏலம் தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும் என்பதால், வாங்குபவர்கள் ஓய்வாக இருக்கும் ஞாயிறு மாலையில் தொடங்குங்கள்.

விலையில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். குறைந்த தொகையில் தொடங்கினால் கூட்டம் சேரும், உண்மைதான். ஆனால் ஒருவர் 500 வரையும் மற்றவர் 300 வரையும் தர மனம் வைத்திருந்தால், ஏலம் 300-ஐச் சற்றே தாண்டி நின்றுவிடும். ஒருவர் மட்டுமே வந்தால் தொடக்க விலைக்கே கொடுத்தாக வேண்டும். ஆகவே, சிலரே தேடும் பொருளுக்கு, எந்தத் தொகைக்குக் கீழே கொடுக்க மனம் வராதோ அதையே தொடக்க விலையாக வையுங்கள். அதை முடிவுசெய்ய, பிற விற்பனையாளர்கள் கேட்கும் விலையை அல்ல, உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைப் பாருங்கள்.